சிகாகோ 1983: மெஷினைச் சாய்த்த வாக்காளர் பட்டியல்

ஒரு நகரத்தின் மேயர் யார் என்பது வாக்குப்பதிவு அன்று மட்டும் முடிவாவதில்லை. பாதி முடிவை வாக்காளர் பட்டியல் முன்கூட்டியே எழுதிவிடுகிறது. ஜெயித்தவர் ஆள முடியுமா என்பதை வார்டு எல்லைக்கோடு எழுதுகிறது. ஹெரால்ட் வாஷிங்டன் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரான கதை இந்த இரண்டையும் நமக்குச் சொல்லித்தருகிறது.

1983 ஏப்ரல் 12, செவ்வாய்க்கிழமை. சிகாகோவில் பதிவு பெற்ற வாக்காளர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் வாக்களித்தார்கள். அமெரிக்காவில் மாநகராட்சித் தேர்தலுக்கு இப்படிக் கூட்டம் திரள்வது அபூர்வம். வாக்கு எண்ணிக்கை நள்ளிரவைத் தாண்டி இழுத்தது. கடைசிக் கணக்கில் ஜனநாயகக் கட்சியின் ஹெரால்ட் வாஷிங்டனுக்கு 6,68,176 வாக்குகள். குடியரசுக் கட்சியின் பெர்னார்ட் எப்டனுக்கு 6,19,926. சுமார் 13 லட்சம் பேர் வாக்களித்த தேர்தலில் வித்தியாசம் வெறும் 48,250.

1931-க்குப் பிறகு குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர்கூட மேயராக அமராத ஊர் அது. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் என்று அறிவிக்கப்பட்டாலே பதவியேற்புக்குத் தேதி குறித்துவிடலாம் என்பது அங்கே எழுதப்படாத விதி. அப்படிப்பட்ட ஊரில், அந்தக் கட்சியின் வேட்பாளர் நூலிழையில்தான் கரையேறினார். அவர் கறுப்பர் என்பதே அதற்குக் காரணம். அப்படியும் அவர் ஜெயித்தார் என்றால், அதற்கு முந்தைய கோடையில் தெருத்தெருவாக நடந்த ஒரு வேலைதான் காரணம். அந்த வேலையைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த ஊரை ஆண்ட இயந்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

'உன்னை அனுப்பியது யார்?'

சிகாகோ ஜனநாயகக் கட்சி அமைப்புக்கு ஊர்மக்கள் வைத்த பெயர் 'மெஷின்'. 50 வார்டுகள், அவற்றுக்குள் ஏறத்தாழ 3,000 பூத்கள். ஒவ்வொரு வார்டுக்கும் கட்சித் தலைவர் ஒருவர்; ஒவ்வொரு பூத்துக்கும் ஒரு 'கேப்டன்'. அந்த கேப்டன் பெரும்பாலும் மாநகராட்சியிலோ மாவட்ட நிர்வாகத்திலோ சம்பளம் வாங்குகிறவராக இருப்பார். தன் பூத்தில் எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை, யார் பையனுக்கு வேலை வேண்டும், எந்தத் தெருவில் குப்பை அள்ளவில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. உதவி செய்வார். தேர்தல் அன்று அந்த உதவிக்கு ஓட்டாக வசூல் செய்வார். பூத்தில் ஓட்டு குறைந்தால் அவர் வேலைக்கே ஆபத்து.

1955 முதல் 1976 டிசம்பரில் இறக்கும்வரை ரிச்சர்ட் ஜே. டேலி மேயராக இருந்தார். கட்சித் தலைவர் பதவியும் அவர் கையில்தான். கட்சி மூலம் நிரப்பப்பட்ட அரசு வேலைகள் முப்பதாயிரத்துக்கும் மேல். இந்த அமைப்புக்குள் வெளியாள் நுழைவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஊரில் எல்லாரும் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. 1948-ல் ஆப்னர் மிக்வா என்ற சட்டக் கல்லூரி மாணவர், தேர்தல் வேலை செய்ய ஆசைப்பட்டு வார்டு அலுவலகத்துக்குப் போனார். "உன்னை அனுப்பியது யார்?" என்று கேட்டார் அங்கிருந்தவர். "யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன்" என்றார் மாணவர். யாரும் அனுப்பாத ஆள் எங்களுக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மாணவர் பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் நீதிபதியாகவும் உயர்ந்தார்.

இந்த மெஷினுக்கு டேலி காலத்தில் நெடுநாள் அலுங்காமல் ஓட்டுப் போட்டவர்கள் கறுப்பின மக்கள். மிசிசிப்பி போன்ற தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து ரயிலேறி வந்து, நகரின் தெற்கிலும் மேற்கிலும் குடியமர்ந்தவர்கள். அவர்கள் ஓட்டு கட்சிக்கு வேண்டும். அவர்கள் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்றால் மட்டும் கதவு திறக்காது. கறுப்பர் பகுதிகளில் பள்ளிகள் நிரம்பி வழிந்தபோதும் பிள்ளைகளை வெள்ளையர் பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்ப நிர்வாகம் சம்மதிக்கவில்லை. தற்காலிகக் கூண்டு வகுப்பறைகளை நிறுத்தி ஒப்பேற்றியது. 1963 அக்டோபர் 22 அன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்குப் போகாமல் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1966-ல் மார்ட்டின் லூதர் கிங் வீட்டு வாடகைப் பாகுபாட்டை எதிர்த்து இந்த ஊரில் ஊர்வலம் போனபோது, மார்க்வெட் பூங்கா அருகே அவர் தலையில் கல் விழுந்தது.

நிற்காமல் போன ரயில்

டேலிக்குப் பிறகு வந்தவர் மைக்கேல் பிலாண்டிக். 1979 ஜனவரியில் சிகாகோவை வரலாறு காணாத பனி மூடியது. தெருக்களில் பனியை அள்ள ஆளில்லை. ரயில்கள் தாமதமானபோது நிர்வாகம் ஒரு வழி கண்டுபிடித்தது: புறநகரிலிருந்து வரும் ரயில்கள் கறுப்பர் பகுதி நிலையங்களில் நிற்காமல் நேராக நகர மையத்துக்குப் போகட்டும் என்றது. உறைபனியில் நடைமேடையில் காத்து நின்றவர்கள், வெள்ளையர்களை ஏற்றிவந்த ரயில் தங்களைத் தாண்டிப் போவதைக் கண்ணால் பார்த்தார்கள். அடுத்த மாதமே கட்சிக்குள் நடந்த முதல்கட்டத் தேர்தலில் பிலாண்டிக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரைத் தோற்கடித்த ஜேன் பைர்ன் சிகாகோவின் முதல் பெண் மேயரானார்.

கறுப்பின மக்கள் பைர்ன் மீது நம்பிக்கை வைத்தார்கள். 1981-ல் அவர் கப்ரினி-கிரீன் அரசுக் குடியிருப்பில் மூன்று வாரம் போய்த் தங்கவும் செய்தார். மறுவருடமே நகர வீட்டுவசதி வாரியத்தில் கறுப்பின உறுப்பினர்களின் இடத்தில் வெள்ளையர்களை நியமித்து, வாரியத்தில் வெள்ளையர்களைப் பெரும்பான்மையாக்கினார். அந்த வாரியத்தின் வீடுகளில் குடியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள். நம்பி ஓட்டுப் போட்டவர்களுக்கு இது நேரடி அவமானம். சிவில் உரிமைப் போராளி ஜெஸ்ஸி ஜாக்சன் தலைமையில், மேயர் பெருமையோடு நடத்திவந்த சிகாகோஃபெஸ்ட் கோடை விழாவைப் புறக்கணிக்க அழைப்பு வந்தது. பாடகர் ஸ்டீவி வொண்டர் நிகழ்ச்சியை ரத்து செய்தார். புறக்கணிப்பு வெற்றி பெற்றது. ஆனால் விழாவைப் புறக்கணித்தால் மேயர் மாறிவிடமாட்டார். அந்தக் கோபத்தை ஓட்டாக மாற்ற முதலில் பட்டியலில் பெயர் வேண்டும்.

பட்டியலில் ஏறிய லட்சம் பேர்

கறுப்பினத் தலைவர்கள் வேட்பாளராக மனத்தில் வைத்திருந்தவர் ஹெரால்ட் வாஷிங்டன். 1922-ல் சிகாகோவிலேயே பிறந்து, பிரான்ஸ்வில் பகுதியில் வளர்ந்தவர். அப்பா வழக்கறிஞர், போதகர், கட்சியின் பூத் கேப்டனும்கூட. மெஷினின் உள்ளும் புறமும் மகனுக்குச் சிறுவயது முதலே தெரியும். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் பணியாற்றித் திரும்பி, ரூஸ்வெல்ட் கல்லூரியிலும் பிறகு நார்த்வெஸ்டர்ன் சட்டக் கல்லூரியிலும் படித்தார். மாநிலச் சட்டமன்றத்தில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை விடுமுறையாக்கும் மசோதாவுக்காக நின்று வாதாடியவர். 1980-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 1977-ல் ஒருமுறை மேயர் பதவிக்கு நின்று படுதோல்வி கண்ட அனுபவமும் உண்டு.

அந்தத் தோல்விதான் அவரைக் கணக்குப் பார்க்க வைத்தது. தான் நிற்க வேண்டுமென்றால் குறைந்தது 50,000 புது வாக்காளர்களைச் சேர்த்துக் காட்டுங்கள் என்று நிபந்தனை போட்டார். தட்டிக்கழிக்கத்தான் இப்படிச் சொல்கிறார் என்று சிலர் நினைத்தார்கள். மக்களோ அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார்கள்.

1982 கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நடந்ததை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது. தேர்தல் அலுவலகம் மக்களைத் தேடி வராத ஊரில், மக்கள் இருக்கும் இடத்துக்குப் பதிவு மேசை போனது. அரசு நிவாரண அலுவலகங்களின் வாசலில், மாதாந்திர உதவிக்காக வரிசையில் நின்ற தாய்மார்களைத் தன்னார்வலர்கள் பெயர் சொல்லி அழைத்துப் பதிவு செய்தார்கள். வேலையில்லாதோர் படிவம் நிரப்பும் இடங்களிலும் மேசை போடப்பட்டது. தேவாலயங்களில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர்களே பட்டியலைப் பற்றிப் பேசினார்கள். கறுப்பின மக்களுக்கான கூந்தல் பொருட்களைத் தயாரித்த சாஃப்ட் ஷீன் நிறுவனத்தின் எட்வர்ட் கார்ட்னர், தன் கம்பெனியின் பணத்தையும் விளம்பரப் பிரிவையும் இந்த வேலைக்குத் திருப்பிவிட்டார். பதிவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 5. அந்தத் தேதியைச் சொல்லி 'விழித்தெழுங்கள்' என்ற விளம்பரம் வானொலியில் ஓயாமல் ஒலித்தது.

கேட்டது 50,000. சேர்ந்தது ஒரு லட்சத்துக்கும் மேல்.

அதன் பலம் நவம்பரிலேயே தெரிந்தது. மாநில ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மூன்றாம் அட்லாய் ஸ்டீவன்சன் படுதோல்வி அடைவார் என்று கருத்துக்கணிப்புகள் சொன்னன. அவர் தோற்றது ஐயாயிரம் சொச்சம் வாக்குகளில். கருத்துக்கணிப்பாளர்களின் கணக்கில் இல்லாத வாக்காளர்கள் சிகாகோவில் முளைத்திருந்தார்கள். நவம்பர் 10 அன்று வாஷிங்டன் தன் போட்டியை அறிவித்தார்.

மும்முனைப் போட்டி

முதல்கட்டத் தேர்தலில் மூன்று பேர்: மேயர் பைர்ன், பழைய டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலி, வாஷிங்டன். பைர்னிடம் பணம் ஏராளமாகப் புரண்டது. டேலியிடம் அப்பாவின் பெயர். வாஷிங்டனிடம் இரண்டும் இல்லை. அவரைப் பத்திரிகைகள் மூன்றாம் இடத்தில் வைத்தே எழுதின. ஜனவரியில் தொலைக்காட்சியில் நான்கு விவாதங்கள் நடந்தன. பட்ஜெட்டையும் பள்ளிகளையும் போலீஸையும் பற்றி விரல்நுனியில் புள்ளிவிவரத்தோடு வாஷிங்டன் பேசியதை நகரமே பார்த்தது. உதிக்கும் சூரியனின் கதிர்கள் பொறித்த அவருடைய நீல நிறப் பிரசாரப் பட்டன்களை தெற்குச் சிகாகோவில் குத்தாத சட்டை இல்லை என்றாயிற்று.

பிப்ரவரி 22 அன்று வாஷிங்டன் ஏறத்தாழ 36 சதவீதம், பைர்ன் 33 சதவீதத்துக்குச் சற்று மேல், டேலி 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. வெள்ளையர் ஓட்டு இரண்டாகப் பிரிந்தது. கறுப்பர் ஓட்டு பிரியவில்லை. மேயர் தேர்தலில் பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற விதி அன்று கிடையாது. அதிக ஓட்டு வாங்கியவரே வேட்பாளர்.

கட்சியை மறந்தார்கள், நிறத்தை மறக்கவில்லை

மறுநாளிலிருந்து ஊர் மாறியது. அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத குடியரசுக் கட்சி வேட்பாளர் எப்டன் ஒரே இரவில் நட்சத்திரமானார். அவர் ஹைட் பார்க் பகுதியைச் சேர்ந்த முன்னாள் சட்டமன்ற உறுப்பினர், மிதவாதி என்று பெயரெடுத்தவர். ஆனால் அவர் பிரசாரம் எடுத்துக்கொண்ட வாசகம், 'காலம் கடந்துபோவதற்குள் எப்டனுக்கு வாக்களியுங்கள்' என்பது. எதற்குக் காலம் கடந்துபோகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜனநாயகக் கட்சியின் வார்டு தலைவர்கள் பலர் வெளிப்படையாகவும் மறைவாகவும் எப்டனுக்கு வேலை செய்தார்கள். தோற்ற பைர்ன், வாக்குச்சீட்டில் பெயரை எழுதிப் போடும் முறையில் மீண்டும் போட்டி என்று அறிவித்து, சில நாளிலேயே கைவிட்டார். நீலப் பட்டனுக்குப் பதிலாக, எதுவுமே எழுதாத வெள்ளைப் பட்டனைச் சிலர் குத்திக்கொண்டு திரிந்தார்கள்.

வாஷிங்டன் மீது சொல்வதற்கு எப்டனுக்கு உண்மையான விஷயம் ஒன்றும் இருந்தது. சில ஆண்டுகள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாத வழக்கில், 1972-ல் வாஷிங்டன் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாகச் சிறையில் இருந்தவர். அது அவருடைய தவறு. வாக்காளர் கேள்வி கேட்க நியாயமான காரணம். ஆனால் மார்ச் 27 அன்று நடந்ததற்கு வரிக் கணக்கு காரணமில்லை. அன்று குருத்தோலை ஞாயிறு. முன்னாள் துணை ஜனாதிபதி வால்டர் மாண்டேலுடன் வாஷிங்டன் வடமேற்குச் சிகாகோவின் செயின்ட் பாஸ்கல் தேவாலயத்துக்குப் போனார். வாசலில் கூட்டம் ஊளையிட்டது. தேவாலயக் கதவில் இனவெறி வசவு கிறுக்கப்பட்டிருந்தது. பூசை முடியும் முன்பே இருவரும் வெளியேற வேண்டியதாயிற்று. அந்தப் படங்கள் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடின.

கறுப்பின மக்கள் ஏறக்குறைய மொத்தமாக அவருக்கு வாக்களித்தார்கள். ஆனால் அது மட்டும் போதாது. 1980 கணக்கெடுப்பின்படி நகர மக்களில் அவர்கள் சுமார் 40 சதவீதம்தான். மிச்சத்தைக் கொடுத்தவர்கள் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும், ஏரிக்கரை வார்டுகளில் வாழ்ந்த தாராளவாத வெள்ளையர்களும். மெக்சிக வம்சாவளித் தொழிலாளர்களிடையே வாஷிங்டனுக்காக ஓட்டுத் திரட்டியவர் தொழிற்சங்க அமைப்பாளர் ரூடி லொசானோ. அதே 1983-ல் 22-ஆவது வார்டு கவுன்சிலர் தேர்தலில், முதல் இருவருக்கான மறுதேர்தலுக்குத் தகுதி பெறும் வாய்ப்பை 20-க்கும் குறைவான வாக்குகளில் அவர் இழந்தார். ஜூன் மாதம் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

29-க்கு 21

ஏப்ரல் 29-ல் வாஷிங்டன் பதவியேற்றார். மே 2-ல் கூடிய மாமன்றத்தில் அவருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது தெரிந்துபோனது. 50 கவுன்சிலர்களில் 29 பேர், கட்சித் தலைவர் எட்வர்ட் வர்டோலியாக் பின்னால் திரண்டார்கள். மேயர் பக்கம் 21 பேர்: 16 கறுப்பர், 5 வெள்ளையர். நிலைமையைப் பார்த்த வாஷிங்டன் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு வெளியேறினார். 29 பேர் நகரவில்லை. வர்டோலியாக் தலைமை ஆசனத்தில் அமர்ந்தார். முக்கிய நிலைக்குழுக்களின் தலைமையைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மேயர் முன்வைத்த நியமனங்கள் கிடப்பில் கிடந்தன. அந்த 29 பேர் நிறைவேற்றியதை மேயர் வீட்டோ செய்தார். வீட்டோவை முறியடிக்க 34 வாக்குகள் வேண்டும், அவர்களிடம் 29-தான். இவர் செய்ய நினைத்ததை அவர்கள் செய்ய விடவில்லை. அவர்கள் செய்ததை இவர் விடவில்லை. அப்போது உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த நகரை நினைவூட்டி, 'ஏரிக்கரை பெய்ரூட்' என்று சிகாகோவுக்குப் பெயர் வந்தது.

மாமன்றத்தின் தயவு தேவைப்படாத இடங்களில் வாஷிங்டன் வேகமாக நடந்தார். அரசு ஆவணங்களை மக்கள் கேட்டுப் பெறும் உரிமைக்கு உத்தரவு போட்டார். கட்சி பார்த்து வேலைக்கு ஆள் எடுப்பதைத் தடுக்கும் நீதிமன்ற ஒப்பந்தத்தில் 1983-லேயே நகரத்தின் சார்பில் கையெழுத்திட்டார். மெஷினின் எரிபொருளே அந்த வேலைகள்தான். தன் ஆட்களுக்கு வேலை கொடுக்கும் வாய்ப்பு முதல்முறையாகத் தன் கைக்கு வந்த நேரத்தில், அந்த வாய்ப்பையே மூடினார் அவர். இதற்காகத்தான் அவரை நான் பெரிய மனிதர் என்று சொல்வேன்.

ஏழு வார்டுகள்

முட்டுக்கட்டை உடைந்தது மாமன்றத்தில் அல்ல, நீதிமன்றத்தில். 1980 கணக்கெடுப்புக்குப் பிறகு மெஷின் வரைந்த வார்டு எல்லைகள், கறுப்பர்களும் லத்தீன் மக்களும் வாழும் பகுதிகளைத் துண்டாடி அவர்கள் ஓட்டை நீர்க்கச் செய்தன என்று வழக்கு நடந்தது. வாக்குரிமைச் சட்டத்தின் பலத்தில் அந்த வழக்கு வென்றது. அந்தச் சட்டத்தை நீட்டித்து வலுப்படுத்திய 1982 திருத்தத்துக்காக நாடாளுமன்றத்தில் பாடுபட்டவர்களில் வாஷிங்டனும் ஒருவர். எல்லைகள் மாற்றி வரையப்பட்டு, 1986 மார்ச் 18-ல் ஏழு வார்டுகளில் சிறப்புத் தேர்தல் நடந்தது. லொசானோவின் 22-ஆவது வார்டில் அவருடைய தோழர் ஹேசுஸ் 'சூய்' கார்சியா வென்றார். 26-ஆவது வார்டில் இழுபறி. ஏப்ரல் 29-ல் மறுதேர்தல். ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் லூயிஸ் குட்டியெரெஸ் வென்றார்.

மாமன்றக் கணக்கு இப்போது 25-க்கு 25. சமநிலையை உடைக்கும் வாக்கு மேயருடையது. தேர்தலில் ஜெயித்து மூன்று வருடம் கழித்துத்தான் வாஷிங்டன் உண்மையில் மேயரானார். அதிகாரத்தைக் கொடுத்தது வரைபடத்தில் மாற்றிப் போட்ட சில கோடுகள். வேட்பாளர்களின் முகத்தை மட்டும் காட்டும் ஊடகங்கள் இந்தக் கோடுகளைக் காட்டுவதேயில்லை.

1987 ஏப்ரலில் 53 சதவீத வாக்குகளோடு அவர் மீண்டும் வென்றார். தோற்றவர்களில் வர்டோலியாக்கும் ஒருவர். ஆனால் நவம்பர் 25 அன்று மேயர் அலுவலகத்தில், தன் மேசையிலேயே மாரடைப்பில் சாய்ந்தார். வயது 65.

ஒரு வாரத்துக்குள் மாமன்றம் இரவு முழுக்கக் கூடியது. வெளியே ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்று, விலைபோகாதீர்கள் என்று டாலர் நோட்டுகளை ஆட்டிக் காட்டினார்கள். விடியற்காலை நான்கு மணிவாக்கில் யூஜின் சாயர் 29-க்கு 19 என்ற கணக்கில் மேயரானார். அவரும் கறுப்பர்தான், அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் வாஷிங்டனின் பழைய எதிரிகள். வாஷிங்டன் கட்டிய கூட்டணி அன்றிரவே இரண்டானது. 1989-ல் இளைய டேலி மேயரானார்; 2011 வரை இருந்தார்.

விதி மாறியது, வேலை மாறவில்லை

1995-ல் மாநிலச் சட்டம் மேயர் தேர்தல் முறையையே மாற்றியது. 1999 முதல் கட்சி அடிப்படை கிடையாது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் மறுதேர்தல். 1983-ல் இந்த விதி இருந்திருந்தால், 36 சதவீதம் வாங்கிய வாஷிங்டன் பைர்னோடு நேருக்கு நேர் மோத வேண்டியிருந்திருக்கும். இந்த விதியின் கீழ் முதல் மறுதேர்தல் நடந்தது 2015-ல். மேயர் ராம் இமானுவேலை அங்கே இழுத்து நிறுத்தியவர் அதே சூய் கார்சியா. அவர் தோற்றார். ஆனால் 2019-ல் லோரி லைட்ஃபுட்டும் 2023-ல் பிராண்டன் ஜான்சனும் இதே விதியின் கீழ்தான் வென்றார்கள். இருவரும் கறுப்பர்கள். விதியைக் கண்டு பயந்து உட்கார வேண்டியதில்லை என்பதற்கு இவர்களே சாட்சி.

வாஷிங்டன் மேயராக இருந்த 1985-ல், தெற்குச் சிகாகோவில் சமூக அமைப்பாளர் வேலைக்கு வந்து சேர்ந்தார் பராக் ஒபாமா என்ற இளைஞர். 1992-ல் அதே ஊரில் பெரிய வாக்காளர் பதிவு இயக்கம் ஒன்றை அவர் நடத்தினார். அந்த ஆண்டு, சட்டமன்றத்தில் வாஷிங்டனின் குரலாக இருந்த கேரல் மோஸ்லி பிரான், அமெரிக்க செனட்டின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினராகத் தேர்வானார். 1982 கோடையில் நிவாரண அலுவலக வாசலில் போட்ட மேசையின் நீட்சிதான் இவையெல்லாம்.

வாஷிங்டன் பேச்சுவன்மை மிக்கவர், கெட்டிக்காரர், கூர்மையானவர். 1977-லும் அவர் அப்படித்தான் இருந்தார், அப்போது தோற்றார். ஆறு வருடத்தில் மாறியது அவரல்ல, பட்டியல். ஆகவே எந்த நகரத்தில் மேயர் தேர்தல் நடந்தாலும், யார் நிற்கிறார்கள் என்பதோடு மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பட்டியலில் யார் பெயர் இல்லை? வார்டு எல்லையை வரைந்தவர் யார், யாருடைய தெருவை எங்கே வெட்டினார்? ஜெயித்தவர் மாமன்றத்தில் எத்தனை கைகளை உயர்த்த முடியும்? தேர்தல் காலத்தில் இந்தக் கேள்விகளுக்கு விடை தேட நேரம் இருக்காது. தேர்தல் இல்லாத வருடங்களில்தான் அவற்றுக்கு வேலை செய்ய வேண்டும். சிகாகோவின் சாதாரண மக்கள் அதைச் செய்தார்கள், செய்ததால்தான் ஜெயித்தார்கள்.